காட்டுக்குப் போனீர்களா என்று கேட்டார்கள்

எங்கள் வீட்டில் ஜெர்மன் கதைப்பது என் வேலை. ஒன்பது வயதில் தொடங்கினேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் மேசைக்கு மேலே நெற்றி மட்டும் தெரியும் உயரத்தில் நின்று அப்பாவின் படிவங்களை வாசித்து விளங்கப்படுத்தினேன். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு நடந்தால் என்னைப் பற்றி ஆசிரியை சொன்னதை நானே அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். எதையும் மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய எதையும் அவர் சொல்லவுமில்லை.

இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அப்பா மூன்றாம் வகுப்போடு புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனவர். அம்மா ஐந்தாம் வகுப்பு. நான் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் உயிரியலும் கணிதமும் படித்து, இந்த வருடம் ஆசிரியப் பட்டம் முடித்திருக்கிறேன். உண்ணியின் வாழ்க்கை வட்டத்தை அம்புக்குறி போட்டு வரைந்து பரீட்சையில் முழுப் புள்ளி வாங்கியவள். அந்த உண்ணி எங்கள் வீட்டுக்குள்ளே வந்தபோது எனக்குத் தெரியவில்லை. என்னைப் போலப் பெற்றோருக்காக வைத்தியர் முன்னால் உட்காரும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஹம் நகரில் ஒரு மூன்றாம் மாடியில் இருக்கிறோம். அப்பா ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறார். அம்மா முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை. என் கடைசிப் பரீட்சை முடிவு வந்த அன்று அப்பா தொலைக்காட்சிக்கு மேலே சுவரில் ஒரு ஆணி அடித்தார். செப்டெம்பர் கடைசியில் நடக்கும் பட்டமளிப்பு விழாவில் எடுக்கப்போகும் படத்துக்கான ஆணி. "படம் இன்னும் எடுக்கேல்லையே அப்பா" என்றேன். "ஆணி இருந்தால் படம் தானா வரும்" என்றார்.

ஜூலை மாதம் அவருக்கு இடுப்பிலிருந்து இடது கால் வரை வலி தொடங்கியது. பகலில் தாங்கலாம். படுத்தால் நெருப்பு வைத்ததுபோல எரிகிறது என்றார். பெட்டி தூக்குகிற மனிதருக்கு இடுப்பு வலி வருவதில் என்ன புதுமை என்று நாங்கள் நினைத்தோம். டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுத்துக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எப்போதும்போல அப்பா நடுவில் உட்கார்ந்தார், நான் மேசைப் பக்கமாக உட்கார்ந்தேன். வைத்தியர் என்னைப் பார்த்துக் கேட்டார், நான் வைத்தியரைப் பார்த்துப் பதில் சொன்னேன். எவ்வளவு பாரம் தூக்குகிறார், எப்போது வலி கூடுகிறது, கால் மரத்துப்போகிறதா. எல்லாவற்றையும் அச்சுப்போலச் சொன்னேன். கடைசியில் அவர் கேட்டார்:

"அண்மையில் காட்டுக்குப் போனாரா? தோட்ட வேலை ஏதாவது?"

"இல்லை," என்றேன்.

அப்பாவைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைகளில் ஊன்றுகோல் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பவர்கள் ஜெர்மன்காரர்கள். எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார்கள், பிறந்தநாள் விழாக்களுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் நித்திரை கொள்வார்கள். தோட்டம் வைக்க எங்களுக்கு நிலம் இல்லை. வைத்தியர், முள்ளந்தண்டில் நரம்பு நெரிபடுகிறதாக இருக்கலாம் என்று வலிமாத்திரை எழுதித் தந்தார். எனக்குக் கிடைத்த தகவலோடு நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

மாத்திரை பெரிதாக உதவவில்லை. அம்மா நொச்சிக்குப் பதிலாகக் கடையில் கிடைத்த யூகலிப்டஸ் எண்ணெயைச் சுடுதண்ணீரில் விட்டு ஒத்தடம் கொடுத்தார். அப்பா வேலைக்குப் போய் வந்தார். வந்ததும் சாப்பிடாமல் படுத்தார். "வயசு போகுது பிள்ளை" என்றார். ஐம்பத்தாறு வயது.

ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு காலை. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் வாயின் இடது ஓரத்தால் தேத்தண்ணி வழிந்து சேட்டில் விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. அம்மா கை துடைக்கிற துணியோடு வந்து, துடைக்கக் குனிந்து, அப்படியே நின்றுவிட்டார்.

"இஞ்சாருங்கோ, ஒருக்காச் சிரியுங்கோ."

"காலமை வெள்ளண்ண என்னத்துக்குச் சிரிக்க?"

"சிரியுங்கோ எண்டெல்லோ சொல்லுறன்."

அப்பா சிரித்தார். வலது பக்கம் சிரித்தது. இடது பக்கம் அப்படியே இருந்தது. இடது கண் மூட மறுத்தது. அம்மா முதியோர் இல்லத்தில் இப்படிப்பட்ட முகங்களைத் தினமும் பார்ப்பவர். "பாரிசவாதம்" என்று ஒரு சொல் சொன்னார். நான் அவசர இலக்கமான 112க்கு அழைத்தேன். அன்று என் ஜெர்மன் அவ்வளவு அழகாக இருக்கவில்லை.

அவசரப் பிரிவில் எல்லாம் மிக வேகமாக நடந்தது. தலையை ஸ்கான் செய்தார்கள். மூளையில் அடைப்பும் இல்லை, இரத்தக் கசிவும் இல்லை. அதன்பிறகு ஒரு பெண் வைத்தியர் வந்தார். நரம்பியல் பிரிவு. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். கதிரையை இழுத்து எனக்கு முன்னால் அல்ல, அப்பாவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். தன் நெற்றியைச் சுருக்கிக் காட்டி, அதேபோலச் செய்யச் சொன்னார். அப்பாவின் நெற்றியில் வலது பக்கம் மட்டும் கோடுகள் விழுந்தன.

அவர் சொன்னதை இங்கே எளிமையாகச் சொல்கிறேன். பாரிசவாதம் என்றால் கோளாறு மூளைக்குள். அப்போது வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும், ஏனென்றால் நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. நெற்றி உட்பட அரை முகம் முழுவதும் உறங்கினால், கோளாறு பெரும்பாலும் முகத்துக்கு வரும் நரம்பிலேயே இருக்கிறது. அதற்குக் காரணம் பல. சிலருக்குக் காரணமே தெரியாது. மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

பிறகு அவர் என்னிடம் கேட்டார். "அப்பா இந்தக் கோடையில் காட்டில், தோட்டத்தில், புல்லில் எங்காவது இருந்தாரா?"

"இல்லை," என்றேன்.

அவர் எழுதவில்லை. "நீங்கள் அவரிடம் கேட்கவில்லையே."

"எனக்குத் தெரியும். நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்."

"இருக்கலாம். ஆனாலும் கேளுங்கள். மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்."

பரீட்சையில் பிடிபட்ட பிள்ளைபோலத் திரும்பினேன். "அப்பா, காட்டுக்குப் போனனீங்களோ எண்டு கேக்கிறா."

"காட்டுக்கோ? நான் ஏன் காட்டுக்குப் போறன்."

"தோட்டம்?"

"ஆரின்ரை தோட்டம்?"

"எங்கையாவது புல்லுக்குள்ளை?"

அப்பா இல்லையென்று தலையாட்டத் தொடங்கினார். அம்மா கட்டிலின் மற்றப் பக்கத்திலிருந்து, "வெள்ளிக்கிழமையிலை புல்லுக்குப் போறவர்தானே" என்றார்.

"அது சாமிக்கெல்லோ" என்றார் அப்பா. சாமிக்குப் பிடுங்குகிற புல் கணக்கில் வராது என்பதுபோல.

வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்து வந்து, குளித்து, அரைக்காற்சட்டையோடு சைக்கிளில் கனால் என்கிற கால்வாயின் கரைக்குப் போவார் அப்பா. பிள்ளையாருக்கு அறுகம்புல் எடுக்க. அங்கே முளைப்பது அறுகுதானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. உயிரியல் படித்தவள் என்ற முறையில் ஒருதடவை சொல்லியும் பார்த்தேன். "பிள்ளையாருக்கு இது ஜெர்மனி எண்டு தெரியும்" என்று அம்மா என் வாயை மூடிவிட்டார். சாமிக்குப் பிடுங்குவதால் அப்பா செருப்பைச் சைக்கிளடியில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் புல்லுக்குள் இறங்குவார். குந்தியிருந்து, நல்ல நுனியாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளுவார். அரை மணித்தியாலம் ஆகும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை சாமித்தட்டில் அந்தப் புல் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் காட்டுக்குப் போனாரா என்ற கேள்வி காதில் விழுந்தபோது, அந்தப் புல் என் நினைவில் ஒரு மூலையிலும் அசையவில்லை. அது எனக்குப் பூசை. காட்டோடு சேர்ந்த விஷயம் அல்ல.

இதையெல்லாம் வைத்தியருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வெறுங்காலோடா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "தோலில் சிவப்பாக ஒரு வட்டம் வந்ததா? மெல்ல மெல்லப் பெரிதாகிற வட்டம்?"

இம்முறை நான் கேட்டேன். அம்மாதான் பதில் சொன்னார், கொஞ்சம் பெருமையோடு. "ஓம், வந்தது. ஜூன் மாதம். இடது துடையிலை, முழங்காலுக்குப் பின்பக்கம் மேலை. படர்தாமரை. நான்தான் கிறீம் பூசி மாத்தினனான்."

அதை நான் ஜெர்மனில் சொல்லச் சொல்ல, வைத்தியரின் முகத்தைப் பார்த்து அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "நான் மாத்தேல்லையோ?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

மாற்றவில்லை. அந்த வட்டம் கிறீம் பூசினாலும் பூசாவிட்டாலும் சில வாரங்களில் தானாக மறையும். மறைந்ததும் நோய் போய்விட்டது என்று நினைப்போம். உண்மையில் அது உள்ளே போயிருக்கும். இங்கே இதைப் போரெலியோஸ என்பார்கள், லைம் நோய் என்றும் பெயர். உண்ணி கடிக்கும்போது அதன் வயிற்றிலிருக்கும் சுருள்வடிவக் கிருமி நம் உடம்புக்குள் இறங்குகிறது. எல்லா உண்ணியும் கொண்டுவருவதில்லை, கொண்டுவருபவையும் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. சிலருக்கு அது நரம்புக்குப் போகிறது. இரவில் எரியும் கால்வலி, பிறகு முகம் விழுதல் என்பது அதன் தெரிந்த வழி.

அப்பாவால் இதை ஏற்கவே முடியவில்லை. "உண்ணியோ? உண்ணி மாட்டுக்கெல்லோ கடிக்கும். கொட்டைப்பாக்கு மாதிரி இருக்குமே, நான் காணமாட்டனே?" இங்கே கடிப்பது எள்ளைவிடச் சிறியதாகவும் இருக்கும் என்று வைத்தியர் பேனா முனையால் தாளில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினார். அப்பா அந்தப் புள்ளியைக் குனிந்து வெகு நேரம் பார்த்தார்.

உறுதிப்படுத்த முள்ளந்தண்டு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். கீழ்முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் ஊசி விட்டு, மூளையையும் தண்டையும் சுற்றியிருக்கும் நீரில் சில துளிகள் எடுப்பது. சம்மதப் படிவம் பல பக்கம். வழக்கமாக நான் கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதிலை கையெழுத்து வையுங்கோ அப்பா" என்பேன். அன்று ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். இரண்டாம் பக்கத்தில் அப்பா பொறுமை இழந்தார்.

"எல்லாத்தையும் வாசிக்கவேணுமோ? நோகுமோ எண்டதை மட்டும் சொல்லு."

"கொஞ்சம் நோகுமாம்."

"எங்கை கையெழுத்துப் போட, கொண்டா."

அவர் பக்கவாட்டில் படுத்து, இறால் மாதிரி வளைந்து கிடந்தார். அம்மாவும் நானும் வெளியே போனோம். நடையில் ஒரு கோப்பி மெஷின், நாலு கதிரை, இலையெல்லாம் தூசு பிடித்த ஒரு செடி. அம்மா கைத்துணியால் அந்த இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு, "நான் ஒரு கிழமை அதைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பூசினன்" என்றார். நான் என்னுடைய "இல்லை"யை அம்மாவுக்குச் சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. பட்டம் பெற்றவளுக்கு அது அவ்வளவு இலகுவாக வெளியில் வருவதில்லை.

அந்த நீரில் இருக்கக்கூடாத அளவு வெள்ளையணுக்கள் இருந்தன. இரத்தத்திலும் அந்தக் கிருமிக்கு எதிரான அடையாளம் இருந்தது. இரண்டு கிழமை, தினமும் நரம்பு வழியாக அன்டிபயோட்டிக். இதற்கு மருந்து இருக்கிறது, அதை நாங்கள் நேரத்துக்குத் தொடங்குகிறோம் என்று வைத்தியர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். நான் மொழிபெயர்க்க முன்னமே அப்பா தலையாட்டியதை அன்று நான் கவனிக்கவில்லை.

அந்த இரண்டு கிழமையை இப்போது நினைத்தால் பயம் முதலில் வருவதில்லை. திரு. நொவாக்தான் முதலில் வருகிறார். அப்பாவின் அறையில் மற்றக் கட்டில்காரர். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, தலைச்சுற்றலுக்காக வந்திருந்தார். அப்பாவின் மூடாத கண் வறண்டுபோகாமல் இருக்க, களிம்பு பூசி, மணிக்கூட்டுக் கண்ணாடிபோல வளைந்த தெளிவான ஒரு மூடியை ஒட்டிவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்த நொவாக், "கடலுக்குள் இறங்கப் போகிறாயா? எனக்கும் ஒரு மீன் பிடித்து வா" என்றார். அடுத்த நாளிலிருந்து அப்பாவை 'சுழியோடி' என்றுதான் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் இரவுச் சாப்பாடு பாணும் சீஸும். அப்பாவுக்கு இடது பக்கத்தால் மெல்ல ஏலாது, பாண் கன்னத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அம்மா வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போய், இடியப்பமும் சொதியும் வைத்து, பஸ்ஸில் கொண்டுவருவார். மூன்றாம் நாளிலிருந்து இரண்டு பேருக்குக் கொண்டுவந்தார். நொவாக் இடியப்பத்தை முட்கரண்டியில் சுற்றிச் சாப்பிட்டார். ஒரு தாதி, தன் ஓய்வு நேரத்தில் அப்பாவுக்கு முகப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கண்ணாடி பார்த்துக் கன்னத்தை ஊதுவது, உதட்டைக் குவிப்பது, பல்லைக் காட்டுவது. செலவைக் காப்புறுதி பார்த்துக்கொண்டது. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இலங்கையில் இருக்கும் சித்தப்பாவிடம் போனில் சொல்லும்போதுதான் விளங்கியது.

ராணி அன்ரியும் வந்தார். அம்மாவோடு வேலை செய்பவர். பார்த்தவுடனேயே, "பிள்ளை பாஸ் பண்ணினதை ஊரெல்லாம் சொன்னனீங்கள், கண்ணூறு பட்டிட்டுது" என்றார்.

"அந்தக் கண்ணூறுக்கு எட்டுக் காலாம் அக்கா" என்றார் அம்மா.

"பகிடியை விடு. இன்டர்நெற்றிலை பாத்தனான், இது உயிருள்ளவரைக்கும் போகாதாம்."

அப்பா சிரிக்க முயன்றார். அன்று மாலை அவர் எங்களிடம் சொன்னார், விழாவுக்குத் தான் வரவில்லை என்று.

"நீயும் அம்மாவும் போங்கோ."

"ஏன்?"

"படம் எடுப்பினம்." வாயின் பாதிதான் வேலை செய்தது. உதடு இரண்டும் சேர வேண்டிய எழுத்துகள் எல்லாம் காற்றாய்ப் போயின. என்னை அவர் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். அதுவே சரியாக வரவில்லை. "அந்தப் படம் சுவரிலை கிடக்கப் போறது. உன்ரை பிள்ளையள் பாக்கும். இந்த வாயோடை நான் அதுக்குள்ளை நிக்கமாட்டன்."

அந்த ஆணியை அடித்தவர் அவர்.

மறுநாள் வைத்தியரிடம் ராணி அன்ரியின் இன்டர்நெற்றைப் பற்றிக் கேட்டேன். அவர் மறுபடியும் கதிரையை அப்பாவுக்கு முன்னால் இழுத்துப் போட்டார். பெரும்பாலானோர் முழுதாகக் குணமாகிறார்கள் என்றார். முகம் திரும்ப வாரங்கள் எடுக்கும், சிலருக்கு ஒரு ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். களைப்பு கொஞ்ச நாள் நிற்கும், அவசரப்பட்டு வேலைக்கு ஓடவேண்டாம். இரத்தத்தில் அந்த அடையாளம் பல வருடம் இருக்கலாம், அதைப் பார்த்து நோய் இருக்கிறது என்று பயப்படக்கூடாது. ஒருதடவை வந்தால் இனி வராது என்றும் நினைக்கக்கூடாது. கடித்தால் மறுபடியும் வரும்.

"செப்டெம்பர் கடைசிக்குள் திரும்புமா?" என்று கேட்டேன்.

"நம்பிக்கை இருக்கிறது. வாக்குத் தரமாட்டேன்."

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, மத்தியானம் நேரத்தோடு போய்விட்டேன். அறைக் கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளே அப்பா கதைத்துக்கொண்டிருந்தார். ஜெர்மனில். இலக்கணம் களஞ்சியத்து இலக்கணம்தான், வினைச்சொல் எல்லாம் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தது. ஆனால் நிற்காமல் போனது. கூலி குறைத்த முதலாளியைப் பற்றி, தான் முதன்முதலில் பார்த்த பனியைப் பற்றி. நொவாக் இடையிடையே சிரித்தார். பிறகு என்னைப் பற்றி: "மகள் ஆசிரியை. பெரிய படிப்பு. அவள் கதைத்தால் வைத்தியர்களே எழுந்து நிற்பார்கள்."

யாரும் எழுந்து நின்றதில்லை. நான் கொஞ்ச நேரம் கதவடியில் நின்றேன்.

நொவாக்கை ஸ்கானுக்குக் கூட்டிப்போனபிறகு கேட்டேன். "அப்பா, இவ்வளவு கதைக்கிறியள். பிறகேன் வைத்தியருக்கு முன்னாலை வாய் திறக்கிறேல்லை?"

அவர் சேலைன் துளி விழுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ கதைக்கேக்கை கேட்டுக்கொண்டிருக்க நல்லா இருக்கும். அதாலை விட்டிட்டன்."

இருபத்தெட்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கும் மனிதர். என் குரலைக் கேட்பதற்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். நானோ அவருக்குத் தெரியாது என்பதால்தான் நான் கதைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. ஜூலையில் குடும்ப வைத்தியர் இதே கேள்வியைக் கேட்டதையும், நான் அவரைக் கேட்காமலே இல்லையென்று சொன்னதையும் சொன்னேன். அன்றே கேட்டிருந்தால் முகம் விழுமுன்னே மருந்து தொடங்கியிருக்கலாம் என்றும் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"நானும் பக்கத்திலைதானே இருந்தனான். 'வால்ட்' எண்டால் காடு எண்டு எனக்குத் தெரியாதோ? நீ கேட்டிருந்தாலும் நான் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன். கனால் கரை காடோ?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் துடைக்கத் தாள் எடுத்துத் தந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா, நீ கேட்டிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னார். அதற்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வைத்தியர் கேட்பதை நான் முழுதாகத் தமிழில் கேட்கிறேன், பதில் தெரிந்திருந்தாலும். அப்பா ஜெர்மனில் தொடங்கினால் நான் பேசாமல் இருக்கிறேன். அவர் என் பக்கம் திரும்பினால் மட்டும் உதவுகிறேன். இது எனக்குக் கஷ்டம். கணிதத்தைவிடக் கஷ்டம்.

வீட்டுக்கு வந்த அப்பா காலை மாலை கண்ணாடி முன்னால் கன்னத்தை ஊதினார். முதல் கிழமை காற்று இடது ஓரத்தால் ஓடியது. கால் எரிவு முதலில் போனது. பிறகு ஒருநாள் இடது இமை பாதிவரை இறங்கியது. இன்னொரு நாள் தேத்தண்ணி வழியவில்லை. அம்மா இரண்டாவது கோப்பை ஊற்றினார், அதுவும் வழிகிறதா என்று பார்க்க. படியேறினால் களைத்தார். இரண்டாம் மாடியில் நின்று, அங்கே குடியிருப்பவர்களின் பெயர்ப்பலகையை ஆர்வமாக வாசிப்பதுபோல மூச்சு வாங்கினார்.

வெள்ளிக்கிழமைப் புல்லை நிறுத்தச் சொன்னேன். அது நடக்கவில்லை. பேரம் பேசினோம். செருப்புப் போடமாட்டேன் என்பதை அவர் விடவில்லை. ஆனால் நீளக் காற்சட்டை, வெள்ளைச் சொக்ஸ், காற்சட்டை நுனி சொக்ஸுக்குள்ளே. வெள்ளையில் கறுப்புப் புள்ளி தெரியும். "சொக்ஸ் செருப்பில்லைத்தானே" என்று பிள்ளையார் சார்பில் அம்மா தீர்ப்புச் சொன்னார். வந்ததும் குளியலறையில் அம்மா போன் வெளிச்சம் பிடித்துக் காது மடலிலிருந்து கால் விரல்வரை பார்க்கிறார். உண்ணி எடுக்கும் சின்ன அட்டை சாமித்தட்டுக்குப் பக்கத்தில், திருநீற்றுக் கிண்ணத்தோடு இருக்கிறது. கடித்த உண்ணியை நேரத்தோடு எடுத்துவிட்டால் பெரும்பாலும் கிருமி இறங்க நேரம் இருக்காது. எண்ணெய் விடக்கூடாது, நெருப்பு வைக்கக்கூடாது, தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுக்க வேண்டும். கடித்த இடத்தைச் சில வாரம் பார்க்க வேண்டும். வட்டம் வந்தால் கிறீமைத் தேடாமல் வைத்தியரைத் தேட வேண்டும். இந்தப் பத்தியை மட்டும் அம்மா எனக்குச் சொல்லித்தந்து எழுதச் சொன்னார்.

விழாவுக்கு வருகிறேன் என்று அப்பா சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. விழாவுக்கு முதல்நாள் அவருடைய கோட்டு அயர்ன் செய்யப்பட்டுக் கதவில் தொங்கியது.

காலையில் ஹம் ஸ்டேஷனில் பீலெஃபெல்ட் ரயிலுக்கு நின்றோம். இருபது நிமிடத் தாமதம் என்று பலகையில் ஓடியது. 'ஃபெர்ஷ்பேட்டுங்'. தாமதம் என்ற அந்தச் சொல்லைத்தான் ஹம்மில் எந்தப் பிள்ளையும் முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கும். அம்மா பட்டுச்சேலையோடு குளிரில் நின்று ரயில்வேயைத் திட்டினார். அப்பா கண்ணாடிக் கதவில் தன் முகத்தைப் பார்த்தார். சாதாரணமாக இருந்தால் இப்போது ஒன்றும் தெரியாது. சிரித்தால் மட்டும் இடது ஓரம் ஒரு கணம் பிந்தி வரும். அதனால் அவர் சிரிக்காமல் இருப்பதென்று முடிவு செய்திருந்தார்.

விழா முடிந்து மண்டபத்து வாசலில் எங்கள் பேராசிரியை வந்தார். அப்பாவிடம் கை கொடுத்து, வேகமான ஜெர்மனில், இப்படி ஒரு மகளைப் பெற்ற நீங்கள் ஏன் இவ்வளவு சீரியஸாக நிற்கிறீர்கள், ஒருதடவை சிரியுங்களேன் என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

என் வாய் தானாகத் திறந்தது. அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது என்று சொல்ல ஒரு முழு வசனம் நாக்கின் நுனியில் தயாராக நின்றது. நான் அதை விழுங்கினேன். அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா கோட்டை இழுத்துவிட்டார். தன்னுடைய களஞ்சியத்து ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக, எல்லா எழுத்தும் தெளிவாகச் சொன்னார்:

"சிரிக்கிறேன், மேடம். வலப்பக்கம் நேரத்துக்கு வந்துவிட்டது. இடப்பக்கத்துக்கு ஃபெர்ஷ்பேட்டுங்."

பேராசிரியை ஒரு கணம் விழித்தார். பிறகு அந்த வாசலே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அப்பாவும் சிரித்தார், முதலில் வலது பக்கம், பின்னாலேயே இடது பக்கமும் வந்து சேர்ந்தது. என் தோழி அந்த நேரம் பார்த்துப் படத்தை எடுத்துவிட்டாள். அதில் நான் வாயைத் திறந்தபடி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பட்டத் தொப்பி சரிந்திருக்கிறது.

வேறு பத்துப் படம் எடுத்தோம், எல்லாரும் நேராக நின்று. அப்பா ஆணியில் மாட்டியது இதைத்தான்.